மேக ராஜகுமாரனைப் பார்க்க ஒரு விண்ணப்பம்

கண் டாக்டர் நல்ல மனுஷர். கெட்ட செய்தியை இரண்டாகப் பிட்டு, சின்னத் துண்டை முதலில் கொடுத்தார். "கட்டி சின்னதுதான்," என்றார். பெரிய துண்டு பிறகு வந்தது. அந்தக் கட்டி பார்வை நரம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இருபத்தோராவது நாள் ஆபரேஷன். உயிருக்கு ஆபத்தில்லை. பார்வைக்கு உத்தரவாதமில்லை.

லிஃப்ட் மெக்கானிக் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கட்டி அவளுக்குத்தான். அவள் தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைத்தே இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் பாதிச் சுமையைத் தாங்கியவள். அவள் அழவில்லை. டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்த இருபது நாளும் பாக்கலாம் இல்லீங்களா?"

"ஓரத்துலேர்ந்து வெள்ளையா மூடிக்கிட்டு வரும். ஆனா பாக்கலாம்மா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மெக்கானிக் கேட்டார். "எங்கேயாவது போகணுமா? உன் தங்கச்சியைக் கூப்பிடட்டுமா?"

"தங்கச்சி முகம் எனக்கு மனப்பாடம். எனக்கு ஒரு படம் பாக்கணும்."

"என்ன படம்?"

"மேக ராஜகுமாரன்."

"அது பொம்மைப் படமாச்சே."

"ஆமா," என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் எதையும் கேட்காத பெண் என்று சொல்லிவிட முடியாது. தையல் மிஷினுக்கு மோட்டார் கேட்டிருக்கிறாள். சமையலறையில் ஒரு ஜன்னல் வைக்கச் சொல்லி மூன்று வருஷம் சண்டை போட்டிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. காரணம் சொல்லாமல் அவள் ஒன்றைக் கேட்பது இதுதான் முதல் தடவை. ஐம்பத்திரண்டு வயதில், சினிமா என்றாலே தூங்கிவிடுகிற மனுஷர், பொம்மைப் படம் தேடிப் புறப்பட்டார்.

மேக ராஜகுமாரன் முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய படம். ஒவ்வொரு ஃப்ரேமையும் கையால் வரைந்து எடுத்தது. சாபத்தால் மேகமாகிவிட்ட ஒரு ராஜகுமாரனுக்கும் ஒரு சாதாரணப் பெண்ணுக்கும் காதல் என்கிற அளவுக்கு எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒரு தலைமுறையே அந்தப் படத்துக்காக அழுதது. அந்த அழுகையின் அருமை அரசாங்கத்துக்குப் பதின்மூன்று வருஷம் கழித்து உறைத்தது. உடனே அழியாக் காதல் படைப்புகள் பாதுகாப்பு வாரியம் பிறந்தது. வாரியம் போட்ட முதல் உத்தரவு, படத்தின் எல்லாப் பிரதிகளையும் திரும்பப் பெற்று அழித்துவிட வேண்டும் என்பது. கண்டவர் கையில் கிடந்தால் அழியாத காதலுக்கு மரியாதை இருக்காது. ஒரே ஒரு பிரதியை மட்டும் கீழ்த்தளத்தில் ஒரு குளிர் அறையில் பூட்டி வைத்தார்கள். அந்த ஒரு பெட்டியை இருநூற்றுப் பதினாலு பேர் பாதுகாத்து வந்தார்கள்.

வாரியக் கட்டடத்துக்கு ஏழு மாடி. லிஃப்ட் பதினோரு மாதமாக ஓடவில்லை. மெக்கானிக் உள்ளே நுழைந்ததும் அதைத்தான் கவனித்தார்.

விசாரணை மேஜையில் இருந்த அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, "என்ன வேணும்?" என்றாள்.

"ஒரு படம் பாக்கணுங்க."

"எந்தப் படம்?"

"இங்க எத்தனை படம் இருக்கு?"

"ஒண்ணுதான். இருந்தாலும் நான் கேக்கணும்."

"மேக ராஜகுமாரன்."

"பாக்கணும்னா, எப்படி?"

மெக்கானிக் யோசித்தார். "கண்ணாலதாங்க."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "இங்க பாதுகாக்கறதுக்குப் பிரிவு இருக்கு. பாராட்டறதுக்குப் பிரிவு இருக்கு. பாக்கறதுக்குப் பிரிவு இல்ல. ஒரு தடவை ஓட்டினா ஒரு தடவை தேயும் சார். அழியாத காதல் இத்தனை வருஷம் எப்படி அழியாம இருக்குன்னு நினைக்கிறீங்க? நாங்க ஓட்டாம வெச்சிருக்கோம், அதனாலதான்."

அவர் மனைவியின் கண்ணைப் பற்றிச் சொன்னார். கட்டியைச் சொன்னார், தேதியைச் சொன்னார். அந்த அம்மாவுக்கு மனசு இளகியது. இளகிய மனசோடு ஒன்பதாம் எண் படிவத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"இது படத்து மேல நீடித்த ஈர்ப்பு உள்ளவங்களுக்கான படிவம். முன்னாடி பாத்தவங்க மட்டும்தான் விண்ணப்பிக்கலாம். பாக்காதவங்களுக்கு நீடித்த ஈர்ப்பு எப்படி இருக்க முடியும், சொல்லுங்க. பாத்ததுக்கு டிக்கெட்டோட பாதி இருக்கா?"

"ஒன்பது வயசுல பள்ளிக்கூடத்துல திரை கட்டிக் காட்டினாங்களாம். டிக்கெட் எல்லாம் இல்ல."

"அப்போ ஈர்ப்பு அளவீடு பண்ணணும். நாலாவது மாடி. அவங்களையே கூட்டிட்டு வாங்க."

"லிஃப்டை நான் சரி பண்ணித் தர்றேங்க. என் தொழிலே அதுதான். சும்மாவே பண்றேன்."

"லிஃப்ட் வேற இலாகா," என்றாள் அந்த அம்மா.

அளவீட்டுக்கு ஆறாவது நாள் முறை கிடைத்தது. கணவன் தோளைப் பிடித்துக்கொண்டு தையல்காரி எண்பத்தெட்டுப் படி ஏறினாள். அளவீட்டு அதிகாரி அவளை நாற்காலியில் உட்கார வைத்து, விரலில் ஒரு கவ்வியை மாட்டி, இரண்டு கண்ணுக்குக் கீழேயும் சின்னக் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, படத்தின் பெயரை மூன்று விதமாகச் சொன்னார். முதலில் செய்தி வாசிப்பது போல, அப்புறம் ஏக்கத்தோடு, கடைசியில் ரகசியம் பேசுகிற மாதிரி.

மூன்று நிமிஷத்தில் இரண்டு குழாயும் நிரம்பி வழிந்தன.

அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். பக்கத்து அறையிலிருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "பன்னிரண்டு வருஷ சர்வீஸ்ல இந்த மாதிரி ஒரு அழுகையை நான் பாத்ததில்ல," என்றார். அவருடைய குரலே தழுதழுத்தது.

"அது அழுகை இல்லீங்க," என்றாள் தையல்காரி. "டாக்டர் சொட்டு மருந்து குடுத்திருக்கார். ஒரு வாரமா ஒழுகிக்கிட்டுத்தான் இருக்கு."

மெக்கானிக் அவள் காலை லேசாக மிதித்தார். பயனில்லை. அவள் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். துணியில் அரை அங்குலம் மிஞ்சினால்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவாள்.

அறிக்கை மூன்று நாள் கழித்து வந்தது. கண்ணீர் மருத்துவ இயல்புடையது, காதல் இயல்புடையது அன்று. நாடித் துடிப்பு மிகையாக உள்ளது, ஆயினும் அது படிக்கட்டினால் விளைந்ததா ஈர்ப்பினால் விளைந்ததா என்று தெளிவாகவில்லை. எனவே விண்ணப்பதாரர் வீட்டில் காதல் நிலவுகிறதா என நேரில் சரிபார்க்கப் பரிந்துரைக்கப்படுகிறது.

அதற்குள் ஒன்பது நாள் போயிருந்தது. தையல்காரி டீயைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்ற ஆரம்பித்திருந்தாள். ஒரு சட்டைக்கு இரண்டு இடது கையைத் தைத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் பிரித்துக்கொண்டிருந்ததை மெக்கானிக் கதவோரம் நின்று பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்று வேலைக்குப் போன இடத்தில், லிஃப்ட் கூண்டுக்குள் தனியாக நின்று கொஞ்ச நேரம் அழுதார். அழுதுகொண்டே, இதை அளப்பதற்கு ஒருத்தரும் இல்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

சரிபார்ப்பு அலுவலர் பன்னிரண்டாம் நாள் காலையில் வந்தார். முப்பது வயதிருக்கும். ஒல்லி. கல்யாணம் ஆகாதவர். தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. காதல் இல்லாத வீட்டுல இருக்கறவங்களுக்குக் காதல் படத்தைக் காட்டினா, படத்துக்குத்தான் அவமானம். நூறு மார்க். முப்பத்தஞ்சு எடுத்தாப் போதும்."

முதல் கேள்வி மெக்கானிக்குக்கு. "உங்க மனைவியை நிலாவோட கடைசியா எப்போ ஒப்பிட்டீங்க?"

"எதுக்குங்க ஒப்பிடணும்?"

அலுவலர் ஒரு பூஜ்யம் போட்டார். "அவங்களுக்காக உயிரைக் குடுப்பேன்னு சொல்லியிருக்கீங்களா?"

"அப்படி எல்லாம் பேச்சு வந்ததில்லீங்க. அவ கேட்டது ஜன்னல்தான். குடுத்தேன்."

"அம்மா, நீங்க. இவரை முதல் தடவை பாத்தப்போ உள்ளுக்குள்ள என்ன தோணுச்சு?"

தையல்காரி உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "சட்டைக் காலர் கோணலா இருக்கேன்னு தோணுச்சு."

இப்படி ஒரு மணி நேரம் போயிற்று. கல்லில் நார் உரித்த மாதிரி முப்பத்திரண்டு மார்க் தேறியது. அலுவலருக்கே சங்கடமாக இருந்தது. பேனாவை மூடியவர், மிஷின் மேல் இருந்த ஊசிமெத்தையைப் பார்த்தார். அதில் நாற்பது ஊசி வரிசையாகக் குத்தியிருந்தது. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நிற நூல் கோர்த்துத் தொங்கியது.

"இது என்னங்க?"

"இவளுக்கு இப்போ ஊசிக்காது தெரியறதில்ல," என்றார் மெக்கானிக். "காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நாளைக்கு வேண்டியதைக் கோத்து வெச்சிட்டுப் போயிடுவேன். இடது பக்கம் வெள்ளை, அப்புறம் நீலம், அப்புறம் சாம்பல். வரிசை மாறாம வெச்சாத் தடவியே எடுத்துக்குவா."

அலுவலர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "ஊசி கோக்கறதுக்குக் கட்டம் இல்லையே," என்றார் வருத்தமாக. கடைசிப் பக்கத்தில் 'இதர' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அதிகபட்சம் மூன்று மார்க்தான் போட முடியும். மூன்றையும் போட்டார்.

முப்பத்தைந்து. பாஸ்.

பாஸ் ஆனால் மட்டும் போதாது, வாரிய இயக்குநர் கையெழுத்து வேண்டும். மெக்கானிக் பதினான்காம் நாள் போனார். இயக்குநர் கூட்டத்தில் இருந்தார். பதினைந்தாம் நாளும் கூட்டம். முந்திய நாள் கூட்டம் ஏன் நீண்டது என்று ஆராய்வதற்கான கூட்டம். பதினாறாம் நாள் விசாரணை அம்மாவே குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னாள். "அறைக்குப் போனாப் பிடிக்க முடியாது. லிஃப்ட் இல்லாததால அவர் ஏழு மாடியும் நடந்துதான் ஏறணும். அஞ்சாவது மாடி வளைவுல மூச்சு வாங்க நிப்பார். அங்க போய் நில்லுங்க."

பதினேழாம் நாள் ஐந்தாவது மாடி வளைவில் இயக்குநர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மெக்கானிக் அவர் முன்னால் போய்க் கை கூப்பினார். கோப்பு எண், படிவ எண், மார்க் எல்லாம் மனப்பாடமாகத் தயார் செய்து வைத்திருந்தார். வாயைத் திறந்ததும் ஒன்றும் வரவில்லை. "சார், அவளுக்குக் கண்ணு போகப் போகுது சார்," என்பது மட்டும்தான் வந்தது. அதையே மூன்று தடவை சொன்னார்.

இயக்குநர் மூச்சு வாங்கியபடியே கேட்டுக்கொண்டார். இடைவெளி விட்டு விட்டுப் பேசினார்.

"உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா நீங்க என் நிலைமையையும் பாக்கணும். இருபத்தஞ்சு வருஷத்துல நாலாயிரத்து முன்னூத்திப் பன்னண்டு விண்ணப்பம் வந்திருக்கு. ஒண்ணைக்கூட அனுமதிக்கல. வருஷா வருஷம் விண்ணப்பம் கூடிக்கிட்டே போகுது. ஒரு படத்தோட நீடித்த ஈர்ப்புக்கு இதைவிட வேற சாட்சி வேணுமா? பாத்துட்டாங்கன்னா அப்புறம் யாரு விண்ணப்பம் போடுவா?"

"நீங்க பாத்திருக்கீங்களா சார்?"

"நானா? இல்ல. பாத்திருந்தா எனக்கு ஒரு அபிப்பிராயம் வந்திருக்கும். அபிப்பிராயம் உள்ளவன் எப்படி நிர்வாகம் பண்ண முடியும்?"

மெக்கானிக் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இயக்குநர் அவரைத் தாண்டி இரண்டு படி ஏறினார். பிறகு நின்றார்.

"ஆபரேஷன் என்னிக்குன்னு சொன்னீங்க?"

"இன்னும் நாலு நாள்ல."

"நம்ம வெள்ளிவிழா மூணு நாள்ல வருது. விழாவுல ஒரு பயனாளி இருந்தா நல்லதுன்னு செயலர் சொல்லிக்கிட்டே இருக்கார். பயனாளின்னு சொல்லிக்க நமக்கு இதுவரைக்கும் யாரும் அமையல." இயக்குநரின் முகத்தில் வெளிச்சம் பரவியது. "கண்ணு போறதுக்கு முன்னாடி ஒருத்தங்க கடைசியாப் பாக்கறது நம்ம படம். பேப்பர்ல நல்லா வரும். ஆபரேஷன் தேதி அதுக்கு முன்னாடி வந்துடாதே?"

"வராது சார்."

"பாத்துக்கங்க," என்றார் இயக்குநர், பொறுப்பை ஒப்படைப்பவர் போல.

இருபதாம் நாள் காலை பதினோரு மணிக்கு வெள்ளிவிழா. கீழ்த்தளத்தில் சின்ன அரங்கம். தையல்காரி தானே தைத்த சாம்பல் நிற உடையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இப்போது அவளுக்கு உலகம் சாவித் துவாரத்தின் வழியே பார்ப்பது போலத்தான் தெரிந்தது. நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் வெள்ளை மூட்டம். முதல் வரிசையில் நடுநாயகமாக உட்கார வைத்து, கையில் பூங்கொத்தைக் கொடுத்தார்கள். பின்னால் பதவி வரிசைப்படி ஊழியர்கள்.

முதலில் உரைகள். பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் குளிர் அறையின் வெப்பநிலையைப் பற்றி முப்பது நிமிஷம் பேசினார். பாராட்டுப் பிரிவுத் தலைவர் முந்தைய பேச்சைப் பாராட்டினார். செயலர், "நானும் காதலித்தவன்தான், முறைப்படி" என்று தொடங்கினார். தையல்காரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணை மூடி மூடித் திறப்பதை மெக்கானிக் கவனித்தார். மிச்சமிருப்பதை அவள் சேமித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

கடைசியில் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். இருபத்தைந்து வருஷமாகத் திறக்காத மூடியைத் திறந்ததும் ஒரு புளித்த காடி வாடை அரங்கம் முழுக்கப் பரவியது. புரொஜெக்டர்காரர் சுருளைத் தூக்கிப் பார்த்துவிட்டு இயக்குநரிடம் ஓடிவந்து காதில் ஏதோ சொன்னார். இயக்குநர் பதிலுக்கு ஏதோ சொன்னார். புரொஜெக்டர்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். விளக்குகள் அணைந்தன.

திரையில் வெளிச்சம் விழுந்தது. வெறும் வெளிச்சம். சுருளின் மேல் பூசியிருந்த படமும் ஒலியும் எப்போதோ செதில் செதிலாக உரிந்து பெட்டிக்குள்ளேயே கொட்டிப் போயிருந்தன. ஓடியது வெற்றுச் சுருள். கரகரவென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

ஊழியர்கள் எல்லோரும் இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு இயக்குநரின் குரல் கேட்டது. "ஆஹா. வானம்."

பாராட்டுப் பிரிவு உடனே கை தட்டியது. மற்றப் பிரிவுகளும் தட்டின. "அந்தக் காலத்துக் கைவண்ணமே தனி," என்றார் செயலர். பின் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

தையல்காரியின் விரல்கள் மெக்கானிக்கின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தன.

"என்னங்க."

"ம்."

"ஆரம்பிச்சாச்சா?"

அவர் திரும்பிப் புரொஜெக்டரைப் பார்த்தார்.

"எல்லாரும் கை தட்டறாங்க. எனக்கு வெறும் வெள்ளையா இருக்கு." அவள் குரலில் முறையீடு இல்லை. வேலையில் ஏதோ பிசகிவிட்டு மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது. "ஓரத்துல இருந்தது முழுசா மூடிடுச்சுங்க. ஒரு நாள் முன்னாடியே போயிடுச்சு."

"உனக்கு ஒண்ணும் ஆகல. படம்தான் இல்ல."

"என்னைத் தேத்தறதுக்காகச் சொல்லாதீங்க. இத்தனை பேர் பாக்கறாங்களே."

ஒரு பக்கம் அவர் ஒருத்தர் சொல், மறு பக்கம் இருநூற்றுப் பதினாலு பேர். அவள் யாரை நம்புவாள்? மெக்கானிக் எழுந்து நின்றார்.

"சார், படம் வரல."

"உக்காருங்க," என்றார் இயக்குநர், மிகுந்த பரிவோடு. "உங்க மனைவியோட குறைக்கு வாரியம் ரொம்ப வருத்தப்படுது."

"எனக்கும்தான் ஒண்ணும் தெரியல."

"இந்த மாதிரி நேரத்துல கூட இருக்கறவங்களுக்கும் அப்படித்தான் தோணும். தண்ணி குடிக்கிறீங்களா?"

மெக்கானிக் தண்ணீர் குடிக்கவில்லை. நேராக முன்னால் நடந்து, திரைக்கும் புரொஜெக்டருக்கும் நடுவில் போய் நின்றார். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார். திரையில் கறுப்பாக ஒரு பெரிய கை எழுந்தது.

"இந்தா, இங்க பாரு. எத்தனை விரல்?"

அரங்கம் சலசலத்தது. தையல்காரி தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துத் தேடினாள். நேரம் போயிற்று. இதற்கு முன்னால் அவர் எத்தனையோ லிஃப்ட் கயிறுகளில் தொங்கி வேலை பார்த்திருக்கிறார். இவ்வளவு பயந்ததில்லை.

"மூணு," என்றாள்.

அவர் விரலை மாற்றினார்.

"அஞ்சு. ஆள்காட்டி விரல்ல நுனி இல்ல."

அந்த நுனி பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு லிஃப்ட் கதவில் போனது.

"திரையில நிழல் விழக்கூடாது," என்று பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் எழுந்தார். "அது பாரம்பரியத் திரை."

தையல்காரி அதைக் காதில் வாங்கவில்லை. கையிலிருந்த பூங்கொத்தைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். அவள் முகம் நனைந்திருந்தது. அது சொட்டு மருந்தா வேறு எதுவுமா என்று அளக்க அங்கே குழாய் இல்லை.

"அங்கேயே நில்லுங்க," என்றாள். "இல்ல, கொஞ்சம் இடது பக்கம் போங்க. ஆங். அங்கதான் மேகம் நிக்கும்."

அவர் நின்றார். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

"அது மழைக்குப் பயப்படற ஊர். அங்க மழையில நனைஞ்சவங்களுக்கு யாரை நேசிச்சோம்கறது மறந்துபோயிடும். அதனால பிறந்த குழந்தையிலேர்ந்து எல்லார் கையிலும் குடை. இவ குடை தைக்கிற பொண்ணு. இவ வீட்டுக் கூரைக்கு மேல மட்டும் ஒரு மேகம் வந்து நிக்கும். மழை பெய்யாது. சும்மா நிக்கும். இவ கூரையில ஏறித் தைக்கும்போது வெயில் படாம நகர்ந்து நகர்ந்து வரும். இடது பக்கம் போங்க. அவ்வளவு வேகம் வேணாம்."

மெக்கானிக் நகர்ந்தார். திரையில் அவர் நிழலும் நகர்ந்தது.

"அவன் ராஜகுமாரன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோகுது. எப்படின்னா, நிழல் விழற இடத்துல கை வெச்சா சூடா இருக்கு. அப்புறம் ஊர்ல தண்ணி வத்திப்போகுது. கிணறு எல்லாம் காயுது. குழந்தைங்க நாக்கு ஒட்டிக்குது. இருக்கறது அந்த ஒரு மேகம்தான். அது பெய்ஞ்சா ஊர் பிழைக்கும். பெய்ஞ்சா அவன் இல்லாமப் போயிடுவான். நனைஞ்சா அவளுக்கு அவனை மறந்துடும். ரெண்டு பேரும் கூரையில நிக்கறாங்க. அவன் அவளைக் கேக்கறான், பெய்யட்டுமான்னு. அவ ரொம்ப நேரம் பதில் சொல்லல. அப்புறம் குடையை மடக்கறா. அந்த இடத்துல பாட்டு கிடையாது, ஒண்ணும் கிடையாது. குடையோட கம்பி ஒவ்வொண்ணா மடங்கற சத்தம் மட்டும்..."

விளக்குகள் எரிந்தன.

"அனுமதிக்கப்பட்ட நேரம் முடிந்தது," என்றார் இயக்குநர், கைக்கடிகாரத்தைப் பார்த்து. "செயலருக்கு அடுத்த நிகழ்ச்சி இருக்கு."

மூன்றாவது வரிசையில் அளவீட்டு அதிகாரி பாதி எழுந்த நிலையில் இருந்தார். "அப்புறம்?" என்று கேட்டார். இயக்குநர் திரும்பிப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் பதிவேட்டை நீட்டினார்கள். 'படம் பார்த்தபின் விண்ணப்பதாரரின் கருத்து' என்று ஒரு கட்டம். தையல்காரி பேனாவைக் கணவனிடம் கொடுத்தாள். அவர், 'படம் இல்லை. சுருள் வெறுமை' என்று எழுதினார்.

இயக்குநர் அவரை ஓரமாகக் கூட்டிப் போனார். "இப்படி எழுதினா எப்படிங்க? பாதுகாக்கறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சுன்னா இருநூத்திப் பதினாலு குடும்பம் என்ன பண்ணும்? காதலுக்காக இந்தத் தியாகத்தைக்கூட நீங்க பண்ண மாட்டீங்களா?"

"அவளுக்குக் கண்ணு போயிடுச்சுன்னு அவளையே நம்ப வெச்சீங்களே சார்."

"நாங்க யாரையும் நம்பச் சொல்லலயே. நாங்க ரசிச்சோம். அவ்வளவுதான்."

மெக்கானிக் எழுதியதை அடிக்கவில்லை. அவசியமும் ஏற்படவில்லை. விண்ணப்பதாரர் பார்வைக் குறைபாடு உடையவர், ஆதலால் படம் குறித்த அவரது சாட்சியம் ஏற்கத்தக்கதன்று என்று அன்று பிற்பகலே தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் செய்தித்தாளில் 'அரங்கம் நிறைந்த கண்ணீர்' என்று வந்தது. அதே நேரத்தில் தையல்காரியை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆறு மணி நேரம் ஆயிற்று. கட்டியை எடுத்துவிட்டார்கள். ஒன்பது நாள் கழித்துக் கட்டுப் பிரித்தார்கள். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் ஜன்னல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது; ஆள் வந்து நின்றால் ஆள் என்று தெரிந்தது; முகம் தெரியவில்லை. இனி ஊசி நூல் இல்லை. டாக்டர் இதையும் இரண்டாகப் பிட்டுத்தான் சொன்னார். தையல்காரி தலையை ஆட்டினாள். அன்று முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். மெக்கானிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் சரிபார்ப்பு அலுவலர் வந்தார். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தோல்பையை மார்போடு அணைத்தபடி கட்டிலோரம் நின்றார்.

"மறு சரிபார்ப்புக்கு வந்தேன்," என்றார். பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அதைப் பார்க்கவில்லை. "ஒரே ஒரு விவரம் விட்டுப்போச்சு. கோப்புக்காகத்தான் கேக்கறேன். அவ குடையை மடக்கினதுக்கு அப்புறம் என்ன ஆச்சும்மா?"

தையல்காரி மெல்ல இந்தப் பக்கம் திரும்பினாள். சுவரை விட்டு அவள் திரும்பியது நேற்றிலிருந்து அதுதான் முதல் தடவை.

"உக்காருங்க," என்றாள்.

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ராத்திரி முழுக்க மழை. கிணறு நிரம்புது. விடிஞ்சதும் வானத்துல ஒண்ணுமே இல்ல. இவ கூரையில நனைஞ்சு நிக்கறா. எதுக்கு அங்க நிக்கறோம்னு அவளுக்கே தெரியல. கீழ பாத்தா தெருவுல ஒருத்தன் சொட்டச் சொட்ட நிக்கறான். அந்த ஊர்லயே கையில குடை இல்லாத ஆள் அவன் ஒருத்தன்தான். அவனுக்கும் ஒண்ணும் ஞாபகம் இல்ல, தான் யாருன்னுகூட. அவ மேலேர்ந்து கேக்கறா, 'தலை துவட்டத் துண்டு வேணுமா?' அவன், 'குடுங்க'ங்கறான். அவ்வளவுதான் படம்."

அலுவலர் கையிலிருந்த காகிதத்தை மடித்தார். "அப்போ, ஒருத்தருக்கொருத்தர் யாருன்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது. நமக்கு மட்டும்தான் தெரியும். அதனாலதான் விட்டுப்போக மாட்டேங்குது."

மெக்கானிக்கும் முடிவை அப்போதுதான் கேட்டார். கட்டில் கம்பியில் இருந்த கையை எடுத்து, எதற்கென்று தெரியாமல், அவள் போர்வையைச் சரி செய்தார்.

"முதல்லேர்ந்து ஒரு தடவை சொல்ல முடியுமாம்மா?" என்று அலுவலர் கேட்டார். "வெளியில நம்ம ஆளுங்க ரெண்டு மூணு பேர் நிக்கறாங்க. அவங்களும் கேக்கலாமான்னு."

மெக்கானிக் எழுந்து போய் வார்டுக் கதவைத் திறந்தார். அளவீட்டு அதிகாரி நின்றுகொண்டிருந்தார். விசாரணை அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி, மூச்சு வாங்கியபடி இயக்குநர். கையில் கோப்பு இல்லை. மெக்கானிக்கைப் பார்த்ததும் எழுந்தார்.

மெக்கானிக் அவரை ஒரு நிமிஷம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க சார்," என்றார்.